இசைப் பயணம் நிறைவு

உக்காருங்க சார், தாராளமா உக்காருங்க. பை என்னோடதுதான், மடியில வச்சுக்கிறேன். தேனியில ஏறுற கூட்டத்துல எடம் கெடைக்கிறதே பெரிசு. எதுவரைக்கும்? கம்பமா? அப்ப நேரம் இருக்கு. சார், ஒரு நிமிஷம் இந்தப் படத்தைப் பாருங்க. இந்த முகத்தை எங்கேயாவது பாத்த மாதிரி இருக்கா? இருங்க, வெளிச்சம் கூட்டித் தர்றேன். மஞ்சப் பட்டு, கையில மைக்கு. ஞாபகம் வரலையா? தவமணி சார். இசைக்குயில் தவமணி. அறுபத்து நாலாயிரம் பேரு ஃபாலோ பண்றாங்க. என் சம்சாரம்.

என்ன சார், முகம் மாறுது? செத்துப்போனதாச் சொன்னாங்களே அந்தப் பொம்பளையான்னு கேக்க வர்றீங்க. கேளுங்க, தப்பில்ல. அதே பொம்பளைதான். சாகல. உசுரோட, நல்லா, குத்துக்கல்லாட்டம் இருக்கா. செத்ததாச் சொன்னது யாருன்னு கேளுங்க. நான்தான். நான் சொல்லல, சொன்ன மாதிரி ஆயிப்போச்சு. அதைத்தான் ஒருத்தரும் முழுசாக் கேக்க மாட்டேங்கிறாங்க. பாதியிலேயே எந்திரிச்சுப் போயிர்றாங்க.

நான் யாருன்னு சொல்லாம விட்டுட்டேன் பாருங்க. மத்தவங்களை அறிமுகப்படுத்தியே பழகிப்போச்சு. பேரு கோட்டைச்சாமி. மதுரை. இன்னிசைக் கச்சேரியில அறிவிப்பாளர். "அடுத்ததாக உங்கள் செவிகளுக்கு விருந்து படைக்க வருகிறார்"னு ஒரு குரல் வரும்ல, அது என் குரல். பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவுல கீபோர்டுக்காரன் தண்ணி குடிப்பான், பேடுக்காரன் வெத்திலை போடுவான். அந்த எடைவெளியில சனம் பாயைச் சுருட்டிட்டுப் போயிராமப் பிடிச்சு வைக்கிறது என் வேலை. முப்பது வருஷமா அதுதான் பொழப்பு.

தவமணி தொண்ணூத்தெட்டுல எங்க செட்டுல சேந்தா. பதினெட்டு வயசு. ஊரு இந்தப் பக்கம்தான், சின்னமனூரைத் தாண்டி மல்லையம்பட்டி. அவ அப்பாதான் கையைப் பிடிச்சுக் கூட்டிட்டு வந்து விட்டாரு, "பிள்ளை நல்லாப் பாடும்யா, பத்திரமாப் பாத்துக்கங்க"ன்னு. அண்ணன் முத்துக்காமுக்கு இதுல இஷ்டமே இல்ல. அவனுக்குத் திராட்சைத் தோட்டம் ஒண்ணுதான் உலகம். அஞ்சு வருஷம் கழிச்சு நாங்க ரெண்டு பேரும் கல்யாணம் பண்ணிக்கிட்டோம். நான் வேற ஆளுக சார், அதை விரிச்சுச் சொல்ல வேணாம், உங்களுக்கே தெரியும். முத்துக்காமு ரெஜிஸ்டர் ஆபீஸ் வாசல்ல நின்னு தங்கச்சியப் பாத்துச் சொன்னான், "இனி உன் சாவுக்குத்தான்டி உன் வாசல்ல கால் வைப்பேன்." அதோட சரி. இருபது வருஷம் ஒரு போக்குவரத்து இல்ல. அப்பாவுக்கும் மகன் வீட்டுக் கஞ்சி. அவரும் வாயைத் திறக்கல.

சரி, படத்துக்கு வர்றேன். முன்னாடியெல்லாம் விழாக் கமிட்டிக்காரங்க பக்கத்து ஊருக் கச்சேரிக்கு வந்து, ஓரமா நின்னு கேட்டுட்டு, பிடிச்சிருந்தா வெத்திலை பாக்கோட வீட்டுக்கு வருவாங்க. இப்ப போன் போட்டா மொதல் வார்த்தையே "போட்டோ அனுப்புங்க". பாட்டு அனுப்புங்கன்னு ஒருத்தன் கேட்டதில்ல, சத்தியமா. போட்டோதான். அதுவும் புதுப் போட்டோ. தவமணிக்கு நாப்பது நெருங்குது. ஒரு பங்குனிக்குப் பதினெட்டு ஊரு பாடினவ, மூணு ஊருக்கு வந்து நின்னா. மூணு சார். மத்த நாள்ல வீட்டுல உக்காந்து டிவி பாத்தா. பாட்டுச் சத்தம் வந்தா டிவியை அமுத்திருவா.

எனக்குப் பொறுக்கல. அதுக்கப்புறம்தான் நான் களத்துல இறங்கினேன். ஃபேஸ்புக், இன்ஸ்டா, வாட்ஸப் ஸ்டேட்டஸ், எல்லாம் நானாப் படிச்சுக்கிட்டேன். ஒன்பது வருஷ உழைப்பு சார். காலையில ஆறு மணிக்கு "காலை வணக்கம் சொந்தங்களே"ன்னு ஒரு படம். சாயங்காலம் மேடைப் படம். கமிட்டியில பொன்னாடை போத்தலேன்னா? நான் பையில ஒண்ணு வச்சிருப்பேன். தலைவர் கையில குடுத்து, "ஒரு படத்துக்கு மட்டும் அண்ணே"ம்பேன். அவரும் சந்தோசமாப் போத்துவாரு. அந்த ஒரே பொன்னாடையை எழுபது தலைவருங்க போத்தியிருக்காங்க. பேஜைப் பாக்குறவனுக்கு எழுபது பாராட்டு.

இன்னொரு சூட்சுமம் சொல்றேன். பாடும்போது வாய் திறந்திருக்கும் பாருங்க, படம் எடுத்தா அசிங்கமா விழும். பல்லு, உள்நாக்கு எல்லாம் தெரியும். எவ்வளவு அழகான பொம்பளையா இருந்தாலும் அப்படித்தான். அதனால வாயை மூடி, மைக்கை வாய்க்கு லேசாக் கீழ பிடிச்சு, சிரிக்கணும். பழக்கிட்டேன். ஒருக்கா வாடிப்பட்டியில, சரணத்துல ஒரு ஏத்தம் வரும், மூச்சுப் பிடிச்சுப் பாடணும். அப்பத்தான் மஞ்ச லைட்டு அவ முகத்துல விழுது, அப்படி ஒரு வெளிச்சம். நான் கீழ நின்னு கையைக் காட்டுறேன், வாயை மூடு, வாயை மூடுன்னு. மூடிட்டா. கீபோர்டுக்காரன் அந்த எடத்தை வாசிச்சு ஒப்பேத்திட்டான். படம் அருமை. நானூறு லைக்கு. திரும்பி வர்றப்ப வேன்ல கேக்குறா, "ஏங்க, அந்த ஒரு எடம் பாடத்தானேங்க நான் இவ்வளவு தூரம் வந்தேன்?" சனத்துக்கு என்னம்மா தெரியப் போகுதுன்னேன். ஒருத்தன் வந்து கேக்கல சார் அந்த எடம் என்னாச்சுன்னு. ஒருத்தன் கேக்கல.

என்ன, ஒரு பாட்டுப் போட்டுக் காட்டவா? இதுல பாட்டு இருக்காது சார். எழுநூத்துச் சொச்சம் படம் இருக்கு, வேணும்னா பாருங்க. வீடியோன்னா ஒண்ணு ரெண்டு இருக்கும், அதுலயும் நான்தான் பேசிக்கிட்டு இருப்பேன்.

பதில் போடுறதும் நான்தான். அவகிட்ட இருக்கறது பட்டன் போனு. எவனாவது "அக்கா சூப்பர்"னு போட்டா, "தங்கள் அன்புக்கு நன்றி சொந்தமே. தொடர்ந்து ஆதரவு தாருங்கள்." எழுதி வச்சிருக்கேன், அப்படியே எடுத்து ஒட்டிட்டுப் போயிட்டே இருப்பேன். கும்பிடு ஒண்ணு, ரோசாப்பூ மூணு. அவளா இருந்து நான் பேசுறது யாருக்குமே வித்தியாசம் தெரியல. ஒருத்தன் தங்கச்சியா நினைச்சு தீபாவளிக்குச் சேலை அனுப்பிட்டான்னாப் பாத்துக்கங்க.

இப்ப விசயத்துக்கு வர்றேன். போன வருசம் அவ மேடை ஏறி இருபத்தஞ்சாவது வருசம். விடுவேனா? நல்ல படமா ஒண்ணு போட்டு ஊரையே திரும்பிப் பாக்க வைக்கணும்னு நினைச்சேன். ஒரு காலேஜ் விழாவுல குத்துவிளக்கு ஏத்துறப்ப எடுத்த படம். வெள்ளைச் சேலை, கழுத்துல சந்தன மாலை, கை கும்பிட்டபடி, கண்ணு மேல பாத்தபடி. ஃப்ளெக்ஸ் கடைப் பையன், "பின்னாடி கறுப்பு குடுத்தா முகம் எடுப்பா இருக்கும்ணே"ன்னான். குடுன்னேன். கீழ 1998 – 2023 போடச் சொன்னேன். மேல தங்க எழுத்துல நானே வாசகம் சொன்னேன். "கால் நூற்றாண்டு இசைப் பயணம் நிறைவு."

சிரிக்காதீங்க. நீங்களே சொல்லுங்க, நிறைவுங்கிறது நல்ல வார்த்தையா, கெட்ட வார்த்தையா? மனநிறைவுங்கிறோம். நிறைவான வாழ்க்கைங்கிறோம். முப்பது வருஷம் மைக்குல தமிழ் பேசினவன் சார் நான். எனக்கு அதுல சாவு தெரியல. விளக்கு, மாலை, கறுப்பு, கீழ ரெண்டு வருச எண்ணு, எல்லாத்தையும் சேத்து ஒரு ஆளு கூட எனக்கு எடுத்துச் சொல்லல. அவகிட்டயும் காட்டல. காட்டுற பழக்கம் இல்ல.

காலையில ஆறு மணிக்குப் போட்டுட்டுக் கறி வாங்கப் போனேன். ஞாயித்துக்கிழமை. வரிசையில நின்னு வாங்கிட்டு வந்து போனை எடுத்தா, கை சுடுது. ரெண்டாயிரத்து எண்ணூறு. எனக்கு நானூறு லைக்கு வந்தாலே பெரிசு. பேயறைஞ்ச மாதிரி தெருவுல நின்னுட்டேன். வீட்டுக்குள்ள ஓடி, "தவம், ரெண்டாயிரத்து எண்ணூறு! தவம், ஜெயிச்சுட்டோம்"னு கத்துறேன். அப்புறம்தான் உக்காந்து படிச்சேன். ஆழ்ந்த இரங்கல். ஆழ்ந்த இரங்கல். ஓம் சாந்தி. ஒருத்தன் வருசத்தை மட்டும் பாத்துட்டு, "இருபத்தஞ்சு வயசுலயே எமனுக்குக் கண்ணு தெரியலையா"ன்னு எழுதியிருக்கான்.

அவ சின்ன வெங்காயம் உரிச்சுக்கிட்டு இருந்தா. போனைக் கையில குடுத்தேன். படிச்சா. "நான் செத்துட்டேனாங்க?"ன்னு சிரிச்சா. அப்படிச் சிரிச்சு நான் பாத்து ரொம்ப வருசம் ஆச்சு. அப்புறம் சிரிப்பு நின்னுபோச்சு. மேல மேல தள்ளித் தள்ளிப் படிச்சுக்கிட்டே இருந்தா. மேலூர்க்காரர் ஒருத்தரு, டிராக்டர் ஓட்டுறவராம், எழுதியிருந்தாரு. பிரசவத்துல சம்சாரம் போயி, கைப்பிள்ளையை வச்சுக்கிட்டு எதுலயாவது விழுந்துரலாம்னு கிளம்பினாராம். வழியில திருவிழா. தவமணி தாலாட்டு ஒண்ணு பாடிக்கிட்டு இருந்தாளாம். பிள்ளை அழுகையை நிறுத்துச்சாம். முடியிற வரைக்கும் நின்னு கேட்டுட்டு வீட்டுக்குத் திரும்பிட்டாராம். அந்தப் பிள்ளை இப்ப காலேஜ் படிக்குதாம்.

அவ வெங்காயக் கையோட கண்ணைத் துடைச்சுக்கிட்டு, "இதையெல்லாம் உசுரோட இருக்கும்போது ஒருத்தர் கூடவா சொல்லலை?"ன்னு கேட்டா. சொல்லியிருக்காங்கம்மா, இந்த ஆளே முன்னாடி ஒருக்கா எழுதியிருக்காரு, நான் நன்றி போட்டுட்டேனேன்னேன். உண்மையைத்தானே சொன்னேன்? அவ என்னையே பாத்தா. பெறகு, "அதை எடுத்துருங்க. நான் இருக்கேன்னு எழுதுங்க"ன்னா. அஞ்சு நிமிஷம் இருன்னேன்.

சார், அந்த எண்ணு ஏறுறதை நீங்க பாக்கணும். நான் பேசிக்கிட்டு இருக்கும்போதே ஏறுது. அத்தனை வருசமா ஃபாலோ பண்ணினது ரெண்டாயிரம் பேரு. ஒரு காலையில பத்தொன்பதாயிரம். எங்கெங்கேயோ கெடந்த பழைய வீடியோவையெல்லாம் எவனெவனோ போடுறான். நான் வேண்டாம்னு சொன்ன வீடியோ எல்லாம், வாயைத் திறந்து பாடுறது, வேர்த்துக் கொட்டுறது. அதையும் பாக்குறாங்க! அழிச்சா அத்தனையும் போயிரும். எனக்கு வேற ஒரு யோசனை ஓடுச்சு. சாயங்காலம் வரைக்கும் விட்டுட்டு, அஞ்சு மணிக்கு லைவ். அதே வெள்ளைச் சேலை, அதே மாலை, அதே விளக்கு. மொதல்ல அப்படியே அசையாம உக்காந்திருக்கணும். பின்னாடி என் குரல். "எங்கே போனாள் இசைக்குயில்?" அவ மெதுவாக் கண்ணைத் திறந்து, "வந்துட்டேன் சொந்தங்களே"ன்னு சொல்லணும். எப்படி இருக்கும்? தமிழ்நாடே பாக்கும் சார்.

அவகிட்டச் சொன்னேன். அதுவரைக்கும் வாசப்பக்கம் போகாதே, போனை எடுக்காதே, ஒரு நாள், ஒரே ஒரு நாள் செத்திரும்மான்னேன். வார்த்தை தப்பா விழுந்திருச்சு. ஆனா அவ ஒண்ணும் சொல்லல. அதுதான் என் குத்தமா? வேணாம்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் நிறுத்தியிருப்பேன். எழுந்து போயி வெள்ளைச் சேலையைக் கட்டிட்டு வந்தா.

மூணு மணி இருக்கும். சுவத்துல கறுப்புத் துணி கட்டி, விளக்கு ஏத்தி, அவளை மாலையோட நாற்காலியில உக்கார வச்சு ஒத்திகை பாக்குறேன். போன் ஸ்டாண்டுல ஓடுது. தெருவுல வேன் வந்து நிக்கிற சத்தம். பொம்பளைங்க அழுகைச் சத்தம். கதவைத் தட்டல சார், தள்ளிக்கிட்டு வந்துட்டாங்க. முத்துக்காமு. இருபது வருசத்துல தலை பூராவும் நரைச்சுப்போச்சு. கையில மஞ்சப்பை, அதுல புதுச்சேலை. பொறந்த வீட்டுக் கோடி. தங்கச்சி பொணத்து மேல போத்துறதுக்கு எடுத்துட்டு வந்திருக்கான். பின்னாடி அவன் பொண்டாட்டி, மக, ஊருச் சனம் பத்துப் பேரு. நாற்காலியில மாலையோட, கண்ணை மூடி, முன்னாடி விளக்கு எரிய உக்காந்திருக்கா தவமணி. ஐயோன்னு ஒரு சத்தம் குடுத்தான் பாருங்க, அந்த ஆளுக்குள்ள அப்படி ஒரு சத்தம் இருக்கும்னு நான் நினைக்கவே இல்ல.

அவ கண்ணைத் திறந்து, "அண்ணே"ன்னா.

அவன் வாசல் நிலையைப் பிடிச்சுக்கிட்டு அப்படியே உக்காந்துட்டான்.  பெறகு அவ மதினிதான் ஆரம்பிச்சா. "ஏன்டி, இது என்னடி கூத்து? பெத்த அப்பன் செத்ததுக்கு வராதவ நீ. உன் சாவுன்னதும் மனசு கேக்காம ஓடி வந்தோம் பாரு, எங்களைச் சொல்லணும்."

"அப்பாவா? அப்பா எப்ப?" இவ கேக்குறா.

"நடிக்காதடி. நாலு வருசம் ஆச்சு. சேதி சொன்னதுக்குத்தான் பதில் போட்டியே, ஆதரவு தாங்கன்னு."

முத்துக்காமு மக பொன்மலர் போனை எடுத்து நீட்டுச்சு. நல்ல பிள்ளை, அதுக்கு மட்டும்தான் என் மேல கோபமில்ல. அதுவே தவமணிக்குப் படிச்சுக் காட்டுச்சு. "அத்தை, தாத்தா இன்னைக்குக் காலையில தவறிட்டாரு. உங்க பேரையே சொல்லிக்கிட்டு இருந்தாரு. வாங்க அத்தை. அப்பா ஒண்ணும் சொல்லமாட்டாரு." அதுக்குக் கீழ பதில். "தங்கள் அன்புக்கு நன்றி சொந்தமே. தொடர்ந்து ஆதரவு தாருங்கள்." கும்பிடு. ரோசாப்பூ மூணு.

படிக்காம ஒட்டிட்டேன் சார். நாளைக்கு நூறு வருது, எல்லாத்தையும் படிக்க முடியுமா? அன்னைக்கும் அப்படித்தான் சொன்னேன், அத்தனை பேரு முன்னாடியும். படிக்கலம்மா, சத்தியமாப் படிக்கலைன்னேன்.

உங்ககிட்ட எதுக்குப் பொய் சொல்லணும், கம்பத்துல இறங்கிப் போகப் போறீங்க. படிச்சேன். அந்தச் சேதி வந்த அன்னைக்கு மானாமதுரையில பெரிய கச்சேரி. மூணு மாசம் கெஞ்சி வாங்கின மேடை. சொன்னா அவ பாட மாட்டா. முடிஞ்சதும் சொல்லிக்கலாம்னு நினைச்சேன். முடிஞ்சு வர்றப்ப நல்லாப் பாடின சந்தோசத்துல வேன்ல தூங்கிட்டா. எழுப்ப மனசு வரல. மறுநாளு சொன்னா, ஏன் நேத்துச் சொல்லலைன்னு கேப்பா. ஒரு வாரம் கழிச்சுச் சொன்னா? ஒரு மாசம் கழிச்சு? சொல்லாம இருக்க இருக்க, அது சொல்ல முடியாத சங்கதியாப் போச்சு. அந்த மனுசன் கையைப் பிடிச்சுக் கூட்டிட்டு வந்து விட்டாரே, பத்திரமாப் பாத்துக்கங்கன்னு, எங்கிட்டத்தான் விட்டாரு.  எனக்கு வருத்தம் இல்லைன்னு நினைக்காதீங்க.

தவமணி சத்தம் போடுவான்னு நினைச்சேன். அடிப்பான்னு கூட நினைச்சேன். மாலையைக் கழட்டி விளக்குப் பக்கத்துல வச்சா. "அண்ணே, அந்தச் சேலையைக் குடு"ன்னா. மதினி பதறிப்போயி, "அதைக் கட்டக்கூடாதுடி, சாவுக்கு எடுத்தது"ங்குது. "எனக்குன்னுதானே எடுத்தீங்க மதினி. அந்த வீட்டுலருந்து எனக்கு ஒரு சேலை வந்து இருபது வருசம் ஆச்சு"ன்னுட்டு, உள்ள போயி, கோடியைக் கட்டிக்கிட்டு, முகத்துப் பவுடரையெல்லாம் கழுவிட்டு வந்தா. செவப்புச் சேலை. சும்மா சொல்லக்கூடாது, நல்லா இருந்துச்சு. முத்துக்காமு எந்திரிச்சு அவ கையைப் பிடிச்சான். வேன்ல ஏறுறதுக்கு முன்னாடி எங்கிட்ட வந்து ஒண்ணே ஒண்ணு சொன்னா. "அந்தப் பேஜை அழிச்சுட்டு வாங்க. அழிக்காம வராதீங்க." திட்டல, அழுகல. கச்சேரிக்குக் கிளம்புறப்ப தண்ணி பாட்டில் எடுத்துக்கங்கன்னு சொல்லுவால்ல, அந்த மாதிரி.

போன் ஸ்டாண்டுல ஓடிக்கிட்டே இருந்துச்சு சார். முழுசும் பதிவாயிருக்கு. பதினேழு நிமிஷம். அதைப் போட்டேன்னா ஒரே நாள்ல பத்து லட்சம் பேரு பாப்பாங்க. போடல. போடலேல்ல? அதை மட்டும் ஒருத்தரும் பெருசா எடுத்துக்க மாட்டேங்கிறாங்க.

மறுநாள் அவ உசுரோட இருக்கான்னு ஒரு வரி எழுதினேன். அதுக்கு விழுந்த வசவு இருக்கே! செத்ததா நடிச்சு லைக்கு வாங்குற பொழப்புன்னு காறித் துப்பினாங்க. துப்புறதுக்குன்னே நாப்பதாயிரம் பேரு வந்து சேந்தாங்க. அப்படித்தான் அறுபத்து நாலாயிரம். இன்னும் போடுறேன் சார், தினமும். காலை வணக்கம் சொந்தங்களே. பழைய படம் நிறைய கெடக்கு, ரெண்டு வருசத்துக்குத் தாங்கும். கச்சேரி ஒண்ணும் வரல. அவளும் இல்ல, வந்தாலும் பாட ஆளு வேணும்ல.

பொன்மலர் போன மாசம் எனக்கு ஒரு வீடியோ அனுப்புச்சு. "மாமா, அத்தை பாடுது பாருங்க. பேஜை எடுத்தாச்சான்னு தினமும் எங்கிட்டக் கேக்குது." திராட்சைப் பந்தலுக்குக் கீழ நின்னு குலை வெட்டிக்கிட்டே பாடுறா. தலையில துண்டு. வாயைத் திறந்து, உள்நாக்குத் தெரிய, கழுத்து நரம்பு பொடைக்க. அன்னைக்கு வாடிப்பட்டியில விட்டாளே, அந்த எடம். முழுசாப் பாடுறா. நாப்பது செகண்டு. எத்தனை தடவை பாத்தேன்னு எண்ணல. எனக்கு அழுகை வந்துருச்சு சார். இருபத்தஞ்சு வருசம் பக்கத்துலயே நின்னேன், அந்த எடத்தை நான் கேட்டதே இல்ல. படம்தான் எடுத்திருக்கேன்.

அழிக்க எவ்வளவு நேரம் ஆகும்? இந்தா, பாருங்க. நிரந்தரமாக நீக்கவான்னு கேக்குது. ஆமான்னு ஒரு தட்டு. அவ்வளவுதான். இங்கதான் வந்து நிக்கிறேன் ஒவ்வொரு தடவையும். நீங்க நினைப்பீங்க, என்ன மனுசன்டா இவன், பொண்டாட்டியை விட இது பெரிசான்னு. பெரிசு இல்ல சார். காலையில எந்திரிச்சதும் அவளா இருந்துதான் நாலு பேருகிட்டப் பேசுறேன். சாப்பிட்டீங்களா சொந்தமேன்னு கேக்குறாங்க, சாப்பிட்டேன்னு சொல்றேன். மேடையில எனக்குன்னு என்ன பேரு இருந்துச்சு, அடுத்ததாக வருகிறார், அடுத்ததாக வருகிறார், அவ்வளவுதானே. இதை அழிச்சுட்டு அவ முன்னாடி போயி வெறுங்கையோட நின்னா, நான்னு ஒருத்தன் பேசணும்ல. என்ன பேசுவேன்? உங்க அப்பா செத்தது எனக்குத் தெரியும்மான்னா?

சின்னமனூர் தாண்டிட்டோமா? அந்தா, கல்மண்டபம் மாதிரி நிழற்குடை தெரியுது பாருங்க, அதுதான் மல்லையம்பட்டி விலக்கு. அதுலருந்து பொடிநடையாப் போனா பத்து நிமிஷம். எடது கைப்பக்கம் பூராவும் முத்துக்காமு தோட்டம்தான். சில நாள் பொன்மலர் அங்க நிக்கும், காலேஜ் பஸ்ஸுக்கு. இன்னைக்கு யாரும் இல்ல.

விலக்கு இருக்கான்னு கண்டக்டர் கேக்குறாரு. இல்ல சார், நீங்க எந்திரிக்காதீங்க. விசில் அடிக்கச் சொல்லாதீங்க. விடுங்க, சார், கையை விடுங்க. அவரு எம்முகத்தைப் பாத்துட்டுப் பேசாமப் போறாரு பாருங்க, அவருக்குத் தெரியும். ஆறு வாரமா இதே பஸ்ஸுலதான் வர்றேன். போன வாரம் வரைக்கும் விலக்குக்குத்தான் டிக்கெட் எடுப்பேன், இறங்காம உக்காந்திருப்பேன், அவரு மிச்ச தூரத்துக்குக் காசு வாங்கிட்டு இன்னொரு டிக்கெட் குடுப்பாரு. இன்னைக்கு மதுரையிலேயே கடைசி ஸ்டாப்பு குமுளிக்கு எடுத்துட்டேன்.